மெயின் இறக்கித்தான் இருக்கிறது

டிசம்பர் 4

இதை எழுதச் சொன்னது கஸ்தூரி. வெளியே ஜனங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் தலையில் இறக்குகிறேனாம். "எதுவா இருந்தாலும் இதுல எழுதித் தொலைங்க, பச்சப்புள்ள இருக்கற வீடு" என்று உரக்கடையில் கொடுத்த டைரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாள். வருஷம் முடியப்போகிற நேரத்தில் ஒரு பக்கம்கூட எழுதாத டைரி. சரி, எழுதுகிறேன்.

புயல் அடித்து ஒரு வாரம் ஆகிறது. ஊரில் தென்னை எல்லாம் கம்பிமேல், கம்பி எல்லாம் சேற்றில். நான் மின்வாரியத்தில் லைன்மேன், ஆகவே புயலை வரவழைத்ததே நான்தான் என்பதுபோல் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். டீக்கடையில் டீ சொன்னால், "கரண்ட் குடு, டீ குடுக்கிறேன்" என்கிறான் கடைக்காரன். முப்பது வருஷமாக அவனுக்கு பியூஸ் போட்டுக் கொடுத்தவன் நான். டீ குடிக்காமலே வந்துவிட்டேன்.

வெளிமாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். என்னோடு போட்டிருப்பது தருமபுரிப் பையன் மாதப்பன். பையன் என்றால் முப்பத்தைந்து வயதிருக்கும். கம்பத்தில் நல்ல வேகம், வாயில் வேகம் இல்லை. என்னை அண்ணன் என்கிறான். கல்யாண மண்டபத்தில் படுக்கை, கிடைத்த இடத்தில் சாப்பாடு. முகம் சுளிக்காமல் இருக்கிறான். எனக்குத்தான் அவனுக்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

டிசம்பர் 5

ஊரெல்லாம் இப்போது ஜெனரேட்டர். வாடகைக்கு, இரவலுக்கு, சீர்வரிசை போல மச்சான் வீட்டிலிருந்து. வாங்கத் தெரிகிறது, வைக்கத் தெரியவில்லை.

ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் மழைக்கு நனையுமென்று கூடத்துக்குள்ளேயே வைத்து, கதவையும் சாத்திக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள். வீட்டில் எல்லாருக்கும் தலைவலி, வாந்தி. புயல் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை வேறு போட்டிருக்கிறார்கள். ஐயா, அது தண்ணீரும் இல்லை, காய்ச்சலும் இல்லை, ஜெனரேட்டர் புகை. வாசனைகூடத் தெரியாமல் ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும் என்று சொல்லி, நானும் மாதப்பனுமாக அதை இழுத்துக் கொல்லையில், ஜன்னல் பக்கம் இல்லாத இடமாகப் பார்த்து வைத்தோம். மேலே தகரம் ஒன்று சாய்த்துவிட்டோம். நன்றி சொல்வார் என்று பார்த்தால், இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது, கம்பம் நட நேரம் இல்லையா என்கிறார்.

இன்னொரு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் ஊற்றுகிறான். அணைத்து, ஆறவைத்து ஊற்று என்றால் சீரியல் நின்றுவிடுமாம். அதற்கடுத்த வீட்டில் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்டுகிற மெல்லிய வயரில் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. வயரைத் தொட்டால் கை பொசுங்குகிறது. தடித்த வயர் போடு, ஒவ்வொன்றாகப் போடு, மோட்டார் கிளம்புகிற நேரத்தில் மற்றதை அணைத்து வை. சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

எல்லாவற்றுக்கும் சிகரம் பள்ளிக்கூட வாத்தியார் வீடு. வயரின் இரண்டு முனையிலும் ப்ளக். ஒரு முனை ஜெனரேட்டரில், மறு முனை சுவரில் இருக்கிற பாயிண்டில். வீடு முழுக்க லைட்டு, ஃபேன் எல்லாம் ஓடுகிறது, ஆகா என்ன மூளை! ஆனால் மெயின் சுவிட்ச் போட்டபடி இருக்கிறது. இந்தக் கரண்ட் வீட்டோடு நிற்குமா? மீட்டர் வழியாகத் திரும்பி வெளியே தெருக்கம்பிக்குப் போகும். கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறினவன் மேலேயே சாவான். கட்டிங் பிளேயரை எடுத்து அவர் கண்ணெதிரே அந்த வயரை இரண்டாக வெட்டிப் போட்டேன். அவர் மனைவி சாபம் விட்டார். விடட்டும்.

திரும்பும்போது மாதப்பன் சொன்னான்: "உங்களாட்டம் தெருவுக்கு ஒருத்தர் இருந்தா நாங்க பயமில்லாம ஏறலாம்ணா." இந்த ஒரு வாரத்தில் காதில் விழுந்த ஒரே நல்ல வார்த்தை.

டிசம்பர் 6

மழை. வேலை பாதி. திட்டு முழுசு.

டிசம்பர் 7

வீட்டுக் கதையும் எழுதவேண்டும். மகள் அபிராமி தலைப்பிரசவத்துக்கு வந்தவள். குழந்தை பிறந்து இன்னும் மாதம் நிறையவில்லை. துணி துவைக்க, குளிப்பாட்ட, கழுவ எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். ஆழ்குழாயில் தண்ணீர் கிடக்கிறது, மோட்டார் ஓடக் கரண்ட் இல்லை. கஸ்தூரி மேலத்தெரு அடிபம்பில் வரிசையில் நின்று குடம் குடமாகத் தூக்குகிறாள். அங்கே நிற்கிற பெண்களெல்லாம் அவளைப் பார்த்து, "லைன்மேன் பொண்டாட்டிக்கே இந்தக் கதியா" என்று சிரிக்கிறார்களாம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை பிரதாப் திருச்சியிலிருந்து வந்து இறங்கினார். காரின் பின்னால் புது ஜெனரேட்டர். பத்தாம் தேதி குழந்தையைத் தொட்டிலில் போடுகிறார்கள், சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். தண்ணீர் இல்லாத வீட்டில் அவர்களை எப்படி உட்காரவைப்பது என்று வாங்கி வந்துவிட்டாராம். சம்பந்தி போனில் என்னிடம் சிரித்தார்: "கரண்ட்டுக்காரர் வீட்டுக்கு நாங்க கரண்ட் அனுப்ப வேண்டியதாப் போச்சு பாத்தீங்களா." நானும் சிரித்துவைத்தேன். சிரித்த வாயை இழுத்து மூடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

டிசம்பர் 8

மோட்டாருக்கு ப்ளக் கிடையாது. ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து நேராக மெயின் போர்டுக்குப் போகிற இணைப்பு. முறையாகச் செய்வதென்றால் மோட்டார் வயரைப் போர்டிலிருந்து கழற்றி, தனியாக ஜெனரேட்டரில் கொடுக்கவேண்டும். செய்யலாம். ஆனால் வாசலில் ஜீப் ஹாரன் அடிக்கிறது, உள்ளே குழந்தை அழுகிறது, கஸ்தூரி காலிக் குடத்தோடு நிற்கிறாள், மாப்பிள்ளை "என்ன மாமா, முடியுமா முடியாதா?" என்கிறார். முடியாதா என்று என்னைப் பார்த்து!

வேறு ஒரு வழியில் முடித்துக்கொடுத்தேன். மெயினை இறக்கிவிட்டுத்தான். தெரிந்தவன் செய்வதும் தெரியாதவன் செய்வதும் ஒன்றா? கஸ்தூரியை நிறுத்திவைத்து, முதலில் மெயின் இறக்கியிருக்கிறதா பார், பிறகு ஜெனரேட்டர், பிறகு மோட்டார், மோட்டார் ஓடும்போது ஃப்ரிட்ஜைத் தொடாதே என்று சொல்லி, அவள் வாயால் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். மெயின்மேல் ஒரு துணியும் கட்டிவிட்டேன்.

தொட்டி நிரம்பி வழிந்தது. அபிராமி தலைக்குக் குளித்தாள்.

டிசம்பர் 9

மாதப்பன் குளித்து எத்தனையோ நாள் ஆயிற்று. வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வாளி வாளியாக ஊற்றிக்கொண்டான். கஸ்தூரி சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். குழந்தையைத் தூக்கச் சொன்னால், கம்பி பிடித்த கை சொரசொரப்பாக இருக்கிறது என்று தூக்க மறுத்துவிட்டு, எட்டி நின்று பார்த்தான்.

கொல்லைப்பக்கம் ஜெனரேட்டர் சத்தம் கேட்டு, "மோட்டாருக்கு எப்படிணா குடுத்தீங்க?" என்றான். தொழில்காரன், கேட்காமல் இருப்பானா. தனியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன் என்றேன். தலையாட்டினான். வேறென்ன சொல்வது, விளக்கிக்கொண்டிருக்க நேரம் இல்லை. எப்படியும் மெயின் இறக்கித்தான் இருக்கிறது.

டிசம்பர் 10

தொட்டில் நல்லபடியாக முடிந்தது. சம்பந்தி இரண்டு தடவை கை கழுவினார், இரண்டு தடவையும் குழாயைத் திறந்து திறந்து பார்த்தார்.

எல்லாரும் போனபிறகு கஸ்தூரி கேட்டாள்: "மெயினை இறக்கியே வச்சிருந்தா, கரண்ட் வந்தா நமக்கு எப்படித் தெரியும்?" நல்ல கேள்விதான். எனக்குக் காலையிலிருந்து தலை வெடித்துக்கொண்டிருந்தது. "நம்ம தெருவுக்குக் கரண்ட் குடுக்கறதே நான்தான். வந்து சொல்றேன், போ" என்று எரிந்து விழுந்தேன்.

டிசம்பர் 11

நாளைக்கு எங்கள் தெரு. கடைசியாக எங்கள் தெருவை வைத்தது நான்தான். சொந்தத் தெருவுக்கு முதலில் போட்டுக்கொண்டான் என்று ஒருத்தன் சொல்லிவிடக்கூடாது. அதற்கும் தெருக்காரர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

டிசம்பர் 12

மாதப்பன் கம்பத்திலிருந்து விழுந்துவிட்டான். தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிர் இருக்கிறது.

டிசம்பர் 13

வலது கை கருகியிருக்கிறது. அது ஆறிவிடுமாம். விழுந்ததில் முதுகெலும்பு அடிபட்டிருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. திரும்பி வரலாம், வராமலும் போகலாம், இப்போது எதுவும் சொல்லமுடியாது என்கிறார் டாக்டர்.

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். டிரான்ஸ்பார்மரில் பியூஸ் எல்லாம் உருவியாயிற்று. டெஸ்ட் லாம்ப் வைத்துக் கம்பியைப் பார்த்தோம், செத்த கம்பிதான். அதன் பிறகு எல்லாக் கம்பியையும் சங்கிலியால் பின்னித் தரையோடு இணைக்கவேண்டும். அது இருந்தால் எங்கிருந்து கரண்ட் திரும்பி வந்தாலும் தரைக்குப் போய்விடும், ஆளைத் தொடாது. சங்கிலி அடுத்த தெரு கோஷ்டியிடம் போயிருந்தது. மாதப்பன் வாங்கிவரட்டுமா என்றான். தெரு ஜனம் மொத்தமும் கம்பத்தைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தது. இன்னும் எத்தனை நாளைக்கு வேடிக்கை காட்டுவீர்கள் என்று ஒருத்தன் என் சட்டையைப் பிடிக்க வந்தான்.

நான் சொன்னேன்: "நம்ம தெருதான், எனக்குத் தெரியாத வீடு இல்ல. நான் இருக்கேன், ஏறு."

அவன் ஏறினான். பெல்ட்டைக் கம்பத்தில் சுற்றுவதற்காக ஒரு கையால் கம்பியைப் பிடித்தான். ஏறும்போது செத்திருந்த கம்பி.

டிசம்பர் 14

எங்கள் பொறியாளர் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். சின்ன வயது, அழுது முகம் வீங்கியிருந்தது. யாரோ ஜெனரேட்டரைச் சுவர் பாயிண்டில் கொடுத்து, மெயினையும் போட்டிருக்கிறார்கள், எந்த வீடு என்று தெரியவேண்டும், தெருவை வீடு வீடாகப் பார்த்து வாருங்கள் என்றார். யாரைப் பார்த்துச் சொல்கிறார் பாருங்கள். "கோதண்டபாணி சார், உங்களுக்குத்தான் எல்லா வீடும் தெரியும், ஊர்ல எத்தனை வயரை வெட்டிப்போட்டீங்கன்னு மாதப்பன் என்கிட்டச் சொல்லியிருக்கார்" என்றார்.

சரி மேடம் என்று வந்துவிட்டேன். வேறென்ன சொல்லமுடியும்?

வீட்டுக்கு வந்தால் கஸ்தூரி அடுப்பு மூட்டவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அபிராமியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை ஜெனரேட்டரைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். "மாமா, நீங்க செஞ்சு குடுத்தீங்க, நாங்க ஓட்டினோம். எங்களுக்கு என்ன தெரியும்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

டிசம்பர் 15

தெருவை இன்னும் பார்க்கவில்லை. மழையாக இருந்தது.

பெரிய மழை இல்லை, தூறல்தான்.

கஸ்தூரி இன்று வாயைத் திறந்தாள். அன்றைக்குத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தாளாம். வாசலுக்கு வந்து பார்த்தால் தெருமுனைக் கம்பத்தடியில் நான் நிற்கிறேன். எதிர்வீட்டுப் பெண், உங்க வீட்டுக்காரர் கரண்ட்டோடு வந்துவிட்டார் என்றாளாம். கஸ்தூரி உள்ளே ஓடியிருக்கிறாள். "நீங்கதான் வந்து சொல்றேன்னீங்க. நீங்க வந்து நிக்கிறதப் பாத்துட்டுத்தான் போட்டேன். அவ்வளவு பொம்பளைங்க நின்னாங்க, நம்ம வீட்டுலதான் மொதல்ல லைட்டு எரியணும்னு நெனச்சேன்." துணியை அவிழ்த்து மெயினைப் போட்டிருக்கிறாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது அவள் நினைவில் இல்லை. வெளியே சத்தம் கேட்டபோது ஏதோ வெடி போடுகிறார்கள் என்று நினைத்தாளாம், கரண்ட் வந்த சந்தோஷத்தில்.

அவளைத் திட்ட வாயெடுத்தேன். முப்பது வருஷமாகச் சுலபமாக வருகிற வாய், இன்றைக்கு வரவில்லை. மெயின் என்பது வெறும் ஒரு கைப்பிடி. யாராவது தூக்கிவிடுவார்கள். அது தெரிந்துதானே ஊரில் இருக்கிற வயரையெல்லாம் வெட்டினேன். வாத்தியார் வீட்டுக்குப் பிறகு, மெயின் இறக்கியிருக்கிறதா என்று ஒரு வீட்டிலாவது கேட்டுவிட்டு வெட்டினேனா? இல்லை. ரெண்டு பக்கமும் ப்ளக் இருந்தாலே வெட்டினேன். என் வீட்டில் மட்டும் மெயின் இறக்கியிருந்தது என்று எட்டாம் தேதியிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து தானே சொல்கிறேன் என்கிறாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். பென்ஷன், சஸ்பென்ஷன், சம்பந்தி வீடு என்று ஏதேதோ சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவரு நம்ம வீட்டுல சாப்பிட்டவரு" என்றாள்.  

டிசம்பர் 16

தஞ்சாவூர் போய் வந்தேன்.

மாதப்பன் மனைவி காவேரி ஊரிலிருந்து வந்துவிட்டாள். ஒல்லியான பெண், பஸ்ஸில் வந்த புடவையோடேயே இருக்கிறாள். நான் உள்ளே போனதும், "அண்ணன் வந்திருக்காரு பாரு" என்று அவள் சொல்வதற்குள் அவனே இடது கையை நீட்டினான். பிடித்துக்கொண்டேன். வலது கை முழுக்கக் கட்டு. கால் இரண்டும் போர்வைக்குள் அப்படியே கிடக்கிறது. குழந்தை எப்படியிருக்கிறது, தொட்டிலில் தூங்குகிறதா என்று கேட்டான். அப்புறம் தெருவுக்குக் கரண்ட் கொடுத்தாயிற்றா என்றான். இன்னும் இல்லை என்றேன். "சங்கிலி வாங்கிட்டு வந்திருக்கணும்ணா, என் தப்புதான்" என்றான்.  இவனோடு எதையாவது சண்டை போட்டுவிடலாம் போல் ஆத்திரம் வந்தது.

மேடமும் வந்திருந்தார். கட்டிலுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, எந்த வீடு என்று இன்னும் தெரியவில்லை, தெருவில் ஜெனரேட்டர் இருக்கிற வீடு மூன்றுதான், அதில் ஒன்று கோதண்டபாணி சார் வீடு, மற்ற இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, முறைக்காக எல்லா வீட்டையும் வேறு ஆளை வைத்து ஒருமுறை பார்த்துவிடுகிறேன் சார், தப்பாக நினைக்காதீர்கள் என்று என்னிடம் சொன்னார்.

மாதப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "அண்ணன் ஊட்டப் போயி எதுக்கு மேடம் பாக்கறீங்க? நான் அங்க குளிச்சிருக்கேன். மோட்டார தனியாப் பிரிச்சுக் குடுத்திருக்காரு. அவரு ஊட்டுலருந்து வந்திருக்காது. அதுக்கு நான் ஜவாப்பு" என்றான். சொல்லி முடித்ததும் முதுகு வலித்திருக்கவேண்டும், கண்ணை மூடிக்கொண்டான். என் கையை விடவில்லை.

நான்தான் ஜவாப்தாரி என்கிற தோரணையில் நான் அவனை ஏற்றிவிட்டேன். இப்போது அவன் படுத்துக்கொண்டு எனக்கு ஜவாப் சொல்கிறான்.

"என் வீடுதான் மேடம்" என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார். காவேரி பார்த்தாள். மாதப்பன் கண்ணைத் திறந்து சிரித்தான். "மேடம் கேட்டதுக்குக் கோவிச்சுக்காதீங்கணா" என்றான்.

பிரித்துக் கொடுக்கவில்லை, உன்னிடம் பொய் சொன்னேன், ரெண்டு பக்கமும் ப்ளக் வைத்த வயர், நான் என் கையால் செய்தது என்றேன். அவன் தலையை ஆட்டி மறுத்தான். வேறு யார் வீட்டுப் பழியையோ நான் இழுத்துப்போட்டுக்கொள்வதாக நினைக்கிறான். "யாரைக் காப்பாத்தப் பாக்கறீங்க? நீங்க அப்படிச் செய்யிற ஆள் கிடையாதுணா" என்று மேடத்திடம் திரும்பி, வாத்தியார் வீட்டு வயரை நான் வெட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

நடுவில் நிறுத்தி மறுபடியும் சொன்னேன். எட்டாம் தேதி காலையில், ஜீப் வாசலில் நிற்கும்போது, அந்த மாதிரியேதான் ஒரு வயர் செய்தேன் என்றேன். கஸ்தூரி மெயினைப் போட்டாள், ஆனால் வயர் என்னுடையது, உன்னை ஏறச் சொன்ன வாயும் என்னுடையது என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவன் தன் கையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டான்.